கண்ணாடி சரக்கு இம்போர்ட் எக்ஸ்போர்ட் வேலை: அடிக்கடி கேக்குற கேள்விங்களும் என் பதிலும்

தண்டையார்பேட்டைல வீடு, தம்பு செட்டி தெரு பக்கத்துல ஆபீஸ். 2007ல, சரக்குக்கு கஸ்டம்ஸ் வேலைய முடிச்சுக் குடுக்குற ஒரு கிளியரிங் ஏஜென்ட்கிட்ட ஃபைல் தூக்குற பையனா சேந்தேன், இப்ப கண்ணாடி டம்ளர், ஜாடி, பாட்டில், டின்னர் செட் கொண்டாந்து விக்கிற ஒரு கம்பெனில இம்போர்ட் எக்ஸ்போர்ட் மொத்தமும் பாக்குறேன். சொந்தக்காரங்க, தெருப் பசங்க, புதுசா பிசினஸ் ஆரம்பிக்கிறவங்கனு ஆளாளுக்கு திரும்பத் திரும்ப இதையேதான் கேக்குறாங்க, ஒவ்வொரு தடவையும் டீக்கடைல நின்னுனு சொல்றதுக்கு ஒரு வாட்டி எழுதி வச்சிட்டா அனுப்பி விட்டுடலாம்னுதான் இது.

நாள் பூரா என்னதான் வேலை? ஹார்பர்ல கப்பல் பக்கத்துல நிப்பீங்களா?

கப்பல் பக்கத்துல போய் நின்னது இத்தன வருஷத்துல விரல் விட்டு எண்ணிடலாம். பாதி நாள் கம்ப்யூட்டர் முன்னாடிதான். சப்ளையர் அனுப்புற இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி குடுக்குற சரக்கு ரசீது) மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகுதான்னு பாக்கணும், ஐஸ்கேட்ல (கஸ்டம்ஸோட வெப்சைட்) பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதி கணக்கு, போறதுக்கு முன்னாடி கிளியரிங் ஏஜென்ட் அனுப்புற செக் லிஸ்ட்ட வரி வரியா படிக்கணும், ஷிப்பிங் லைன்ல டெலிவரி ஆர்டர் வாங்கணும், டியூட்டி கட்டணும், டிரெய்லர் வண்டிக்கு சொல்லணும். மிச்சம் பாதி நாள் மணலி, மாதவரம் பக்கம் சிஎஃப்எஸ்ல (ஹார்பருக்கு வெளிய கஸ்டம்ஸ் பாத்து விடுற வரைக்கும் கண்டெய்னர் நிக்கிற யார்டு) சரக்கு திறக்கும்போது கூட நிக்கிறது, அங்கருந்து கொடுங்கையூர் குடோனுக்கு வந்து இறக்குறத பாக்குறது. இதுக்கு நடுவுல "அண்ணே வண்டி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல லைன்ல நிக்குது, நகர மாட்டேங்குது"னு டிரைவர் போன் வந்துனே இருக்கும். அதுக்கு நம்மால ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா "சரி பா பாக்குறேன்"னு சொல்லணும்.

என்ன படிச்சிருக்கணும்?

பி.காம் இருந்தா நல்லது, இல்லனாலும் வழி இருக்கு. கஸ்டம்ஸ் ப்ரோக்கர், அதாவது கிளியரிங் ஏஜென்ட், ஆபீஸ்ல வேலைக்கு சேர்ற ஆளு குறைஞ்சது பிளஸ் டூ முடிச்சிருக்கணும்னு ரூல் இருக்கு. கஸ்டம்ஸ் குடுக்குற அடையாள அட்டைல எச் கார்டுல ஆரம்பிக்கலாம், பரீட்சை எழுதி ஜி கார்டு வாங்கலாம், அதுக்கும் மேல லைசென்ஸ் பரீட்சையே பாஸ் பண்ணவங்களுக்கு எஃப் கார்டு. ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸ்ல கழுத்துல கார்டு மாட்டிட்டு நடக்குறவங்கள பாத்துட்டுதான் எனக்கே இந்த ஆசை வந்துச்சு. என்ன கேட்டா, மொத ரெண்டு வருஷம் ஏதாவது ஒரு சின்ன ஏஜென்ட் ஆபீஸ்ல உக்காருங்க, சம்பளம் கம்மியாதான் இருக்கும், ஆனா இரும்பு, பருப்பு, துணி, மெஷின்னு எல்லா சரக்கும் உங்க கை வழியா போகும், அதுக்கப்புறம் ஒரே சரக்க புடிச்சிக்கோங்க. நான் கண்ணாடிய புடிச்சேன்.

கண்ணாடினா கண்ணாடிதானே, அதுல தனியா கத்துக்க என்ன இருக்கு?

இந்தக் கேள்விக்குதான் எனக்கு சம்பளமே குடுக்குறாங்க. கஸ்டம்ஸ் புக்குல கண்ணாடிக்கு 70ஆவது சாப்டர். சாப்பிட, குடிக்க, சமைக்க, ஆபீஸ்ல, வீட்டு அலங்காரத்துல வைக்கிற கண்ணாடி சாமான் 7013. ஊறுகா கம்பெனி ரொப்பி விக்கிறதுக்கு வாங்குற பாட்டில், ஜாடி 7010. அதே மாதிரி ஒரு ஜாடி, மூடி கொஞ்சம் அழகா வச்சு கிச்சன்ல பருப்பு போட்டு வைக்கனு விக்கிறாங்கனா 7013. ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வச்சா எங்க முதலாளிக்கே வித்தியாசம் தெரியாது. ஸ்கூல் லேப் பீக்கர் 7017. வளையல், மணி 7018. ஃப்ளாஸ்க்குக்கு உள்ள இருக்குற வெறும் கண்ணாடி மட்டும் வந்தா 7020, முழு ஃப்ளாஸ்க்கா வந்தா 70லயே கிடையாது, 9617க்கு போயிடும். கிறிஸ்துமஸ் மரத்துல தொங்கவிடுற கண்ணாடி உருண்டை 9505.

7013க்குள்ளயும் பிரிவு இருக்கு. தண்டு வச்ச வைன் கிளாஸ் தனி, சாதா டம்ளர் தனி, ஈயம் கலந்த லெட் கிரிஸ்டல் தனி, அடுப்புல சூடு தாங்குற போரோசிலிகேட் கிண்ணம் தனி. சூடு பட்டா எவ்ளோ விரியுதுங்கறத வச்சு பிரிக்கிறாங்க, போரோசிலிகேட் கம்மியா விரியும், அதனாலதான் கொதிக்கிற தண்ணி ஊத்தினாலும் பட்டுனு விடாது, சாதா சோடா லைம் டம்ளர் விட்டுடும். இன்வாய்ஸ்ல சீனாக்காரன் வெறும் "கிளாஸ் கப்"னு ஒரே வரில போட்டு அனுப்புவான். அத அப்படியே விட்டீங்கனா கஸ்டம்ஸ் பிரிச்சு பாக்குற எக்ஸாமினேஷன்ல ஆபீசர் கேக்குற மொத கேள்வியே "என்ன கிளாஸ்?"னுதான் இருக்கும், பதில் இல்லனா சாம்பிள் டெஸ்டுக்கு போகும், சரக்கு அங்கயே கெடக்கும், வாடகை ஓடும். ஆர்டர் போடும்போதே கண்ணாடி வகை, எத்தன எம்எல், எத்தன பீஸ், கையால ஊதுனதா மெஷினா எல்லாத்தையும் இன்வாய்ஸ்ல எழுத வைங்க.

டியூட்டி எவ்ளோ வரும்?

ரேட் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், அதனால போடுற அன்னிக்கு பாத்துட்டு போடுங்க. கணக்கு போடுற முறை மட்டும் சொல்றேன். சரக்கு, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து மதிப்பு 10 லட்சம்னு வச்சுக்கோங்க, பேசிக் டியூட்டி 20%னு வச்சுக்கோங்க. அது 2 லட்சம். அந்த 2 லட்சத்து மேல 10% சோஷியல் வெல்ஃபேர் சர்சார்ஜ், 20,000. இப்ப 12,20,000 ஆச்சா, இது மேல இறக்குமதிக்கு போடுற ஜிஎஸ்டி, அதாவது ஐஜிஎஸ்டி 18%, அதாவது 2,19,600. மொத்தம் கட்டுறது 4,39,600. இதுல ஐஜிஎஸ்டி கிரெடிட்டா திரும்ப எடுத்துக்கலாம், மிச்சம் 2,20,000 உங்க அடக்கத்துல ஏறும். புதுசா வர்றவங்க நிறைய பேரு ஐஜிஎஸ்டிதான் திரும்ப வருமேனு அத கணக்குலயே வைக்காம வர்றாங்க, அந்தப் பணத்த மொதல்ல கைல இருந்து கட்டணும் பா, கட்டினாதான் சரக்கு வெளிய வரும்.

ஆன்டி-டம்பிங்கும் (ரொம்ப மலிவா கொண்டாந்து தள்ளுற சரக்கு மேல போடுற கூடுதல் வரி) ஒரு கண்ணு பாத்துக்கோங்க, வெள்ளையா பால் மாதிரி இருக்குற ஓபல் டின்னர் செட்டுக்கு சீனா, யுஏஇ சரக்கு மேல அது இருந்த காலம் உண்டு. ஃப்ளாஸ்க் வகையறாவுக்கு 2023ல குவாலிட்டி கண்ட்ரோல் ஆர்டர் வந்தாச்சு, பிஐஎஸ் மார்க் இல்லாம கொண்டாந்தா உள்ள விட மாட்டாங்க. அப்புறம் லேட். கப்பல் வர்ற நாளுக்கு முந்தின நாளுக்குள்ள பில் ஆஃப் என்ட்ரி போட்டிருக்கணும், இல்லனா மொத மூணு நாளைக்கு தினம் 5,000, அதுக்கப்புறம் தினம் 10,000 ரூபா.

உடைஞ்சு வந்தா யார் பொறுப்பு?

உடையாம வந்த கண்டெய்னர் ஒண்ணு கூட நான் பாத்ததில்ல, கொஞ்சமாவது உடைஞ்சிருக்கும். எங்க உடைஞ்சுதுனு காட்டத்தான் நம்ம வேலை. சப்ளையர் பேக்கிங்ல உடைஞ்சுதா, கடல்ல உடைஞ்சுதா, ஹார்பர்ல கிரேன் இறக்கும்போதா, திருவொத்தியூர் ரோட்டு பள்ளத்துலயா, இல்ல நம்ம குடோன் வாசல்லயா. ஒவ்வொண்ணுக்கும் காசு குடுக்க வேண்டிய ஆளு வேற வேற.

2011ல எனக்கு நடந்தத சொல்றேன். 20 அடி கண்டெய்னர், டம்ளர், ஒரு அட்டைப்பெட்டில 48 பீஸ். எக்ஸாமினேஷன் இல்லாமயே கிளியர் ஆயிடுச்சு, முதலாளிக்கு ஒரே சந்தோஷம், வண்டி நேரா குடோனுக்கு வந்துடுச்சு. லோடுமேன் பெரியவர் ஒருத்தர் மொத பெட்டிய தூக்கி காதுகிட்ட வச்சு லேசா ஆட்டினாரு. உள்ள சலசலனு மண்ணு கொட்டுற மாதிரி சத்தம். ரெண்டாவது பெட்டி, அதே சத்தம். "இன்னா தம்பி, சல்லி வாங்கினியா"னு கேட்டாரு. அடி வரிசை பூரா நசுங்கி, பெட்டி மூலைல இருந்து பொடி கொட்டினு இருந்துச்சு. கிட்டத்தட்ட கால்வாசி சரக்கு போச்சு.

இதுல நான் பண்ண தப்பு என்னனா, கண்டெய்னர் கதவு சீல வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ கூட எடுக்கல, கண்டெய்னர் வெளில ஒரு பக்கம் ஒடுங்கி இருந்தத கேட்லயே எழுதி வாங்கல, எல்லாத்துக்கும் மேல டியூட்டி கட்டி வெளிய கொண்டாந்துட்டேன். கஸ்டம்ஸ் சட்டத்துல 22ஆவது பிரிவுனு ஒண்ணு இருக்கு, கப்பல்ல இருந்து இறக்குறதுக்கு முன்னாடியோ இறக்கும்போதோ சேதம் ஆன சரக்குக்கு மதிப்பு எவ்ளோ கொறைஞ்சுதோ அந்த அளவு டியூட்டியும் கொறைப்பாங்க. இறக்கின அப்புறம், ஆபீசர் பாக்குறதுக்கு முன்னாடி உடைஞ்சிருந்தாலும் வழி இருக்கு, நம்ம தப்பு இல்லைனு இருக்கணும், அவ்ளோதான். ஒண்ணுமே தேறாதுனா 23ஆவது பிரிவுல டியூட்டிய தள்ளுபடி கேக்கலாம், இல்ல எனக்கு இந்த சரக்கே வேணாம்னு எழுதிக் குடுத்துடலாம். ஆனா இதெல்லாம் சரக்கு உள்ள இருக்குற வரைக்கும்தான். கொடுங்கையூர்ல பெட்டிய பிரிச்சுட்டு போய் கஸ்டம் ஹவுஸ்ல நின்னா யாரு கேப்பாங்க? நான் போய் நின்னேன். ஆபீசர் திட்டல, டீ குடிச்சியானு கேட்டாரு, அனுப்பி வச்சிட்டாரு.

இப்ப என் வழக்கம் இதுதான். கண்டெய்னர் வெளிய ஒரு ஒடுக்கம் தெரிஞ்சாலும், சீல் நம்பர் பில் ஆஃப் லேடிங்ல இருக்குறதோட ஒத்துப் போகலனாலும், சிஎஃப்எஸ்லயே நிப்பாட்டிடுவேன். சேதத்த மதிப்பு போடுற இன்சூரன்ஸ் சர்வேயர், ஷிப்பிங் லைன் ஆளு, சிஎஃப்எஸ் ஆளு எல்லாருக்கும் மெயில் போட்டு கூட வச்சுதான் கதவ திறக்குறது. மூடின கதவு, சீல், வெட்டின சீல், ஒரு கதவு திறந்தது, ரெண்டு கதவும் திறந்தது, அடி வரிசைனு அந்த வரிசைலயே போட்டோ. வெளில தெரியுற சேதம்னா சரக்க எடுக்கும்போதே ஷிப்பிங் லைனுக்கு எழுத்துல நோட்டீஸ் போயிடணும், வெளில தெரியாத சேதம்னா மூணு நாளைக்குள்ள. கேஸ் போடுறதுனா ஒரு வருஷத்துக்குள்ள. லைன்ல இருந்து "எங்க பொறுப்பு இல்ல"னுதான் பதில் வரும், அது தெரிஞ்சதுதான், ஆனா அந்த நோட்டீஸ் காப்பி இல்லாம இன்சூரன்ஸ்காரன் ஃபைல தொட மாட்டான்.

இன்னொரு வலி, உடைஞ்ச சரக்குக்கு எடுத்த ஐஜிஎஸ்டி கிரெடிட்ட திருப்பி விடணும். அழிஞ்சு போன பொருளுக்கு கிரெடிட் கிடையாதுனு ஜிஎஸ்டி சட்டத்துல 17(5)ல இருக்கு. ஆடிட்டர் மார்ச் மாசம் வந்து சொல்லுவாரு, அப்ப போய் தலைல கை வைக்காதீங்க.

அதான் இன்சூரன்ஸ் இருக்கே?

ஆல் ரிஸ்க்னு பாலிசி மேல எழுதியிருக்கும். உள்ள படிச்சா, சகஜமா உடையுற அளவுக்கு நாங்க பொறுப்பில்லனு இருக்கும், 1963 மரைன் இன்சூரன்ஸ் சட்டமே அத சொல்லுது. கண்ணாடினா எக்ஸஸ்னு ஒரு சதவீதம் போட்டு, அது வரைக்கும் உன் தலைல, அதுக்கு மேல போனாதான் நாங்கனு வைப்பாங்க. எடுக்கும்போதே அந்த சதவீதத்த பேசுங்க. பாலிசி எது வரைக்கும்னு பாருங்க, ஹார்பரோட முடிஞ்சுதா, குடோன் வரைக்குமா. ஹார்பரோட முடியுற பாலிசிய எடுத்துட்டு எண்ணூர் ரோட்ல வண்டி குலுங்கி உடைஞ்சுதுனு கிளெய்ம் போட்டவங்கள எனக்குத் தெரியும்.

சில சப்ளையருங்க உடைசலுக்குனு 1%, 2% பீஸ் இலவசமா சேத்து வைப்பாங்க. வாங்கிக்கோங்க, ஆனா இன்வாய்ஸ்லயும் பேக்கிங் லிஸ்ட்லயும் அந்த பீஸ எழுதச் சொல்லி, அதுக்கும் ஒரு மதிப்பு காட்டுங்க. எழுதாம வந்து எக்ஸாமினேஷன்ல எண்ணும்போது அதிகமா இருந்தா, இலவசம்னு நீங்க சொல்லுவீங்க, மறைச்சு கொண்டாந்தன்னு அவங்க எழுதுவாங்க.

மழைக்காலத்துல என்ன பிரச்சனை? கண்ணாடிக்கு தண்ணி பட்டா என்ன ஆகிடப் போகுது?

நானும் அப்படித்தான் நெனச்சுனு இருந்தேன். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்க சரக்கு ஒரு சிஎஃப்எஸ் ஷெட்ல பிரிச்சு வச்சிருந்துச்சு, தகரம் பறந்துடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு போய் பாத்தா டம்ளர் ஒண்ணு கூட உடையல. ஆனா அட்டைப்பெட்டி எல்லாம் கொழஞ்ச சோறு மாதிரி ஆயிடுச்சு, தூக்கினா அடி கழண்டு விழுது, கலர் பிரிண்ட் போட்ட கிஃப்ட் பாக்ஸ் அத்தனையும் ஊதிப் போச்சு. சர்வேயர் "கிளாஸ் நல்லாதானே சார் இருக்கு"ங்கறாரு. கிஃப்ட் பாக்ஸ் இல்லாத டின்னர் செட்ட தேவராஜ முதலி தெருவுல என்ன விலைக்கு கேப்பாங்கனு அவர நேரா கூட்டிட்டுப் போய் நாலு கடைல கேக்க வச்சுதான் ஒத்துக்க வச்சேன். பேக்கிங்குக்கு தனியா மதிப்பு இன்வாய்ஸ்ல போட்டு வாங்குற பழக்கம் அதுல இருந்து வந்ததுதான்.

தண்ணி நேரா படலனாலும் கண்டெய்னருக்குள்ள ஈரம் வியர்த்து மேல இருந்து சொட்டும். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின தட்டுக்கு நடுவுல ஈரம் தங்கினா கண்ணாடி மேல வெள்ளையா படலம் கட்டும், தேய்ச்சாலும் போகாது. நடுவுல பேப்பர் வைக்க சொல்லுங்க, கண்டெய்னருக்குள்ள ஈரம் உறிஞ்சுற பை தொங்கவிட சொல்லுங்க, அந்த செலவு ரொம்ப சின்னது.

கடைல விக்கிறதுக்கு ஸ்டிக்கர் ஒட்டணும்னு சொல்றாங்களே?

ஆமா. இம்போர்ட்டர் பேரு அட்ரஸ், எந்த நாட்டு சரக்கு, மாசம் வருஷம், எத்தன பீஸ், எம்ஆர்பி. லீகல் மெட்ராலஜி ரூல். சப்ளையர்கிட்டயே ஒட்டி அனுப்ப சொல்றதுதான் நல்லது, இங்க வந்து சிஎஃப்எஸ்ல ஆள் வச்சு ஒட்டினா அந்த நாள் வாடகைக்கே லாபம் போயிடும்.

சரக்கு எங்க வாங்குறது? ஃபிரோசாபாத்தா, சீனாவா?

என்ன விக்கப் போறீங்கங்கறத பொறுத்து. கையால ஊதுன விளக்கு கிளாஸ், கலர் கலரா ஜாடி, வளையல்னா உத்தரப்பிரதேசம் ஃபிரோசாபாத்த அடிச்சுக்க முடியாது. தாஜ்மகாலுக்கு புகை படக் கூடாதுனு 1996ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த அப்புறம் அங்க நிலக்கரில இருந்து கேஸ் அடுப்புக்கு மாறினாங்க, அதனால கேஸ் விலை ஏறினா அவங்க ரேட்டும் ஏறும். ஒரே அளவுல லட்சக்கணக்குல டம்ளர் வேணும்னா சீனா, தாய்லாந்து, துருக்கி. சீனால ஷான்டாங் மாகாணத்துல ஜிபோ பக்கம் ஃபேக்டரி நிறைய. தாய்லாந்து மாதிரி ஆசியான் நாட்டு சரக்குக்கு ஒரிஜின் சர்டிஃபிகேட் சரியா இருந்தா டியூட்டில சலுகை கேக்கலாம், ஆனா 2020ல இருந்து கேரோட்டர்னு ஒரு ரூல் இருக்கு, சர்டிஃபிகேட் மட்டும் போதாது, அந்த நாட்டுல எப்படி தயாராச்சுங்கற விவரமும் நம்ம கைல இருக்கணும்.

"ஏன் அவ்ளோ பெரிய ஆர்டர் கேக்குறான், 500 பீஸ் குடுக்க மாட்டானா"னு எல்லாரும் கோவப்படுவாங்க. கண்ணாடி அடுப்பு வருஷக்கணக்கா அணையாம எரியுற அடுப்பு பா. உங்க ஒரு கலருக்காக அத மாத்தினா மாறி முடியுற வரைக்கும் வர்றது பூரா வீண். 500 பீஸ் வேணும்னா அவன்கிட்ட ஸ்டாக்ல இருக்குற டிசைன எடுங்க.

இங்கருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப முடியுமா?

தாராளமா. கொழும்பு, சிங்கப்பூர், மலேசியா பக்கம் பூஜை விளக்கு கிளாஸ், அகல், டம்ளர்னு எல்சிஎல்ல (ஒரே கண்டெய்னர்ல பல பேரு சரக்க சேத்து அனுப்புறது) போயினே இருக்கு. ஏற்றுமதி இறக்குமதி பண்றதுக்கான நம்பர், ஐஇசி, எடுக்கணும், வெளிநாட்டு வியாபாரத்த பாக்குற அரசு ஆபீஸ் டிஜிஎஃப்டி சைட்ல 500 ரூபாதான், ஏஜென்ட்கிட்ட 5,000 குடுக்காதீங்க. வருஷா வருஷம் ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள அத அப்டேட் பண்ணணும், மறந்தா செயலிழந்துடும், சரக்கு ஹார்பர் வாசல்ல நிக்கும்போதுதான் தெரியும். வெளிநாட்டுப் பணம் வர்ற பேங்கோட ஏடி கோடு நம்பர ஐஸ்கேட்ல ஏத்தணும், ஐஜிஎஸ்டி கட்டாம அனுப்ப எல்யூடிங்கற உறுதிமொழிய போட்டு வைக்கணும்.

எல்சிஎல்ல ஒரு பயம் இருக்கு, உங்க பெட்டி மேல எவனோ இரும்பு போல்ட் மூட்டைய வைப்பான். அதனால கண்ணாடிய மரச்சட்டம் அடிச்சு அனுப்புங்க, அந்த மரத்த 56 டிகிரில 30 நிமிஷம் சூடாக்கி முத்திரை குத்தியிருக்கணும், இல்லனா போற நாட்டுல திருப்பி அனுப்பிடுவாங்க. வைக்கோல் வேணவே வேணாம். நம்ம ஊர்ல வளையல் பொட்டலம் எல்லாம் வைக்கோல்ல சுத்தி வந்து வளந்த ஆளு நானு, எனக்கே கஷ்டமாதான் இருக்கு, ஆனா பூச்சி வரும்னு வெளிநாட்டுல ஏத்துக்க மாட்டாங்க. அமெரிக்கா, ஐரோப்பா ஆர்டர்னா, வாய் வைக்கிற விளிம்புல தங்கக் கோடு, கலர் பூ போட்ட டம்ளருக்கு ஈயம், கேட்மியம் டெஸ்ட் ரிப்போர்ட் கேப்பாங்க. ஆர்டர் எடுக்குறதுக்கு முன்னாடியே அத எடுத்து வச்சுக்கோங்க.

பணம் வராம போச்சுனா? புது பையர்னா அட்வான்ஸ் இல்லாம பெட்டி ஏத்தாதீங்க, பழகினவர்னாலும் இசிஜிசி (ஏற்றுமதி பணம் வராம போனா ஈடு குடுக்குற அரசு இன்சூரன்ஸ் கம்பெனி) கவர் எடுங்க.

நாளைக்கு மொத நாள் சிஎஃப்எஸ் போறேன், என்ன எடுத்துட்டு போகணும்?

ஃபுல் சார்ஜ் போட்ட போன், பேக்கிங் லிஸ்ட் ரெண்டு காப்பி, கருப்பு மார்க்கர், பெட்டி டேப் ஒரு ரோல், ஏன்னா ஆபீசர் பாக்க பிரிச்ச பெட்டிய யாரும் திரும்ப ஒட்ட மாட்டாங்க. தண்ணி பாட்டில். கண்டிப்பா ஷூ போட்டுட்டு போங்க, செருப்போட போகாதீங்க. கண்டெய்னர் தரைல இருக்குற பலகை இடுக்குல போன தடவை வந்த சரக்கோட கண்ணாடி சில்லு இருக்கும், கண்ணுக்கு தெரியாது. என் இடது கால் கட்டை விரல்ல ஒண்ணு ஸ்டான்லி ஆஸ்பத்திரில எடுத்தாங்க, அது நம்ம சரக்கு கூட இல்ல.